டிராயிங் யார் கையில்?



நான் எழுத்தாளன் அல்லன். டிப்ளமோ படித்துவிட்டு ரயில்வேயில் சேர்ந்து, முப்பத்தெட்டு ஆண்டுகள் இன்ஜின்களோடும் பெட்டிகளோடும் மல்லுக்கட்டி, 2020ல் ஓய்வு பெற்றவன். ரயிலே இல்லாத இந்தத் தீவில் ரயில்வேக்காரருக்கு என்ன வேலை என்று டெய்ரி ஃபார்மில் என்னைக் கேட்காதவர்கள் குறைவு. மகளுக்கு இங்கே உத்தியோகம், பேரப்பிள்ளைகள் இங்கே, ஆகவே நானும் இங்கே. அவ்வளவுதான் கதை.

சங்கத்தின் மாலை வகுப்பில் ஆறு கணினிகள் இருப்பது உங்களுக்குத் தெரியும். ஆறிலும் ஓடுவது விண்டோஸ் 10. அதற்கு வழக்கமாக வந்துகொண்டிருந்த இலவசப் பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடித்துக்கொண்டது. அடுத்த பதிப்பான விண்டோஸ் 11, நம்முடைய பழைய பெட்டிகளில் முறைப்படி ஏறாது. டி.பி.எம். 2.0 என்றொரு பாதுகாப்பு ஏற்பாடும், சற்றுப் புதிய பிராசஸரும் வேண்டும் என்பது அதன் நிபந்தனை. பெட்டிகளுக்கு எந்தக் கோளாறும் இல்லை. நேற்று மாலைகூடப் பிள்ளைகள் அவற்றில் படம் வரைந்துகொண்டிருந்தார்கள். ஆனாலும் ஆறையும் ஓரங்கட்டிவிட்டுப் புதிதாக வாங்க வேண்டும் என்று ஒரு கடைக்காரர் கொட்டேஷன் கொடுத்திருக்கிறார். கணினி ஒன்றுக்கு நாற்பத்தைந்தாயிரம் வீதம் இரண்டு லட்சத்து எழுபதாயிரம் ரூபாய். எழுதவும் கணக்குப் போடவும் உதவும் ஆபீஸ் மென்பொருளுக்குத் தனி விலை.

கமிட்டிக் கூட்டத்தில் மூன்று குரல்கள் எழுந்தன. பிள்ளைகள் படிப்புக்குத்தானே, வசூல் செய்து வாங்கிவிடலாம் என்றார் ஒருவர். எதற்குச் செலவு, பென் டிரைவில் கொண்டுவந்து சும்மா ஏற்றித் தரும் பையன்கள் இருக்கிறார்களே என்றார் இன்னொருவர். கல்லூரி மாணவர் ஒருவர் எழுந்து, லினக்ஸ் போட்டால் இலவசம், இதே பெட்டிகளிலேயே ஓடும் என்றார். உடனே ஒரு பெரியவர், "தம்பி, சும்மா கொடுக்கிறவன் எதுக்குக் கொடுக்கிறான்னு பார்க்கணும்" என்று சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். செயலாளர் என் பக்கம் திரும்பி, "சார், நீங்க என்ஜினியர். உங்க அபிப்பிராயத்தை மலருக்கு எழுதிக் கொடுங்க, எல்லாரும் படிச்சு முடிவு பண்ணுவோம்" என்றார். அதன் விளைவே இக்கட்டுரை.

அன்று பேசியவர்கள் அனைவரும் விலையைப் பற்றியே பேசினார்கள் என்பதுதான் எனக்கு உறுத்தலாக இருந்தது. ரயில்வேயில் ஓர் இயந்திரம் வாங்கும்போது விலையைக் கேட்போம். ஆனால் அதோடு நிறுத்திக்கொள்ள மாட்டோம். "டிராயிங் தருவார்களா?" என்று கேட்போம். டிராயிங் கையில் இருந்தால், தேய்ந்த பாகத்தை நம் ஒர்க்‌ஷாப்பிலேயே கடைந்துகொள்ளலாம். இல்லையென்றால் ஒவ்வொரு போல்ட்டுக்கும் விற்றவர் வாசலில் போய் நிற்க வேண்டும்.

இதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். வாரணாசி டீசல் இன்ஜின் தொழிற்சாலை அமெரிக்காவின் ஆல்கோ நிறுவனத்தோடு தொழில்நுட்ப ஒப்பந்தம் செய்துகொண்டு 1964ல் இன்ஜின்களைத் தயாரிக்கத் தொடங்கியது. அந்த ஆல்கோ நிறுவனமோ 1969லேயே அமெரிக்காவில் இன்ஜின் தயாரிப்பை நிறுத்திவிட்டது. விற்றவர் கடையை மூடிவிட்டார். நம் இன்ஜின்கள் நின்றனவா? இல்லை. அதன்பின் பல பத்தாண்டுகளுக்கு அதே வம்சத்து இன்ஜின்களை வாரணாசியில் செய்தோம், குதிரைச் சக்தியைக் கூட்டினோம், நம் வெயிலுக்கும் தூசிக்கும் தக்கபடி மாற்றினோம். காரணம், டிராயிங்கும் அதைப் படிக்கத் தெரிந்த ஆட்களும் நம்மிடம் இருந்தார்கள். பெரம்பூர் ஐ.சி.எப். கதையும் இதைப் போன்றதே. 1955ல் சுவிட்சர்லாந்து நிறுவனம் ஒன்றின் வடிவமைப்போடு தொடங்கிய தொழிற்சாலை, பிறகு தன் சொந்தக் கைவண்ணத்தில் எத்தனையோ வகைப் பெட்டிகளைச் செய்தது.

இதற்கு நேர்மாறான அனுபவமும் எனக்கு உண்டு. நான் வேலை பார்த்த ஓரிடத்தில் பாகங்களைச் சோதிக்கும் இயந்திரம் ஒன்று இருந்தது. இரும்பு வேலை எல்லாம் முதல்தரம். ஆனால் அதை இயக்கும் புரோகிராம் ஒரு சிறிய அட்டைக்குள் இருந்தது. ஒரு நாள் அட்டை பழுதாயிற்று. விற்றவருக்குக் கடிதம் போட்டால், அந்த மாடலை விட்டுவிட்டோம், புதிய இயந்திரம் வாங்கிக்கொள்ளுங்கள் என்று பதில் வந்தது. புரோகிராமின் நகலையாவது கொடுங்கள், நாங்களே பார்த்துக்கொள்கிறோம் என்றோம். அது எங்கள் சொத்து, தர இயலாது என்றார்கள். பல டன் எடையுள்ள இயந்திரம், உள்ளங்கை அளவு அட்டைக்காகப் பழைய இரும்பு விலைக்குப் போயிற்று. அன்று முதல் "மென்பொருள் யாருடையது?" என்ற கேள்வி என் மனத்தை விட்டுப் போகவில்லை.

கணினி பழகாத உறுப்பினர்களுக்காகச் சற்று விளக்குகிறேன். மென்பொருளை ஒருவர் எழுதும்போது மனிதர் படித்துப் புரிந்துகொள்ளக்கூடிய வரிகளாக எழுதுகிறார். அதற்கு மூலநிரல் என்று பெயர். அதுதான் டிராயிங். பிறகு அது இயந்திரத்துக்கு மட்டும் விளங்கும் எண்களாக மாற்றப்படுகிறது. கடையில் நமக்குப் பெரும்பாலும் கிடைப்பது இந்த இரண்டாவது வடிவம்தான். மூலநிரலைத் தன்னிடமே பூட்டி வைத்துக்கொண்டு, பயன்படுத்தும் அனுமதியை மட்டும் விற்பது தனியுரிம மென்பொருள். மூலநிரலையும் சேர்த்துக் கொடுத்து, "படியுங்கள், திருத்துங்கள், பிறருக்கும் கொடுங்கள்" என்று உரிமம் எழுதித் தருவது திறந்த மூல மென்பொருள், அல்லது கட்டற்ற மென்பொருள்.

இன்னும் எளிதாகச் சொல்வதானால், நம்மில் பலர் அரசாங்கக் குவார்ட்டர்ஸில் குடியிருக்கிறோம். குடியிருக்கும் வரை நல்ல வீடுதான். ஆனால் ஒரு சுவரை இடிக்க முடியாது, ஓர் அறை கூட்டிக் கட்ட முடியாது, காலி செய் என்றால் காலி செய்ய வேண்டும். தனியுரிம மென்பொருள் இந்தக் குவார்ட்டர்ஸ் மாதிரி. நாம் பணம் கொடுத்தது வீட்டுக்கு அன்று, குடியிருக்கும் அனுமதிக்கு. திறந்த மூலம் சொந்த வீடு. கூரை ஒழுகினால் நாம்தான் ஆள் பார்க்க வேண்டும், கொத்தனாருக்குக் கூலி நாம்தான் கொடுக்க வேண்டும். ஆனால் எந்தக் கொத்தனாரை வேண்டுமானாலும் கூப்பிடலாம்.

ஆகவே, "இலவசம்" என்ற சொல்லை இந்த விவாதத்திலிருந்து எடுத்துவிட்டால் நல்லது என்பது என் தாழ்மையான கருத்து. ஆங்கிலத்தில் விலையில்லாததற்கும் சுதந்திரமானதற்கும் ஒரே சொல்லாக இருப்பதால், இந்த இயக்கத்தார் ஆண்டுக்கணக்கில் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டியதாயிற்று. தமிழில் இலவசம் வேறு, சுதந்திரம் வேறு. நமக்கு அந்தக் குழப்பமே வரக்கூடாது.

இந்தச் சண்டை எப்படித் தொடங்கியது என்பதையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆரம்ப காலத்தில் பெரும் கணினிகளோடு மென்பொருளும் சேர்ந்தே வந்தது, அதற்கெனத் தனி விலை இல்லை. 1969ல்தான் ஐ.பி.எம். நிறுவனம் மென்பொருளுக்குத் தனியாக விலை வைக்கப்போவதாக அறிவித்தது. 1976 பிப்ரவரியில், அப்போது இருபது வயது இளைஞரான பில் கேட்ஸ், தங்கள் மென்பொருளைக் காசு கொடுக்காமல் நகலெடுப்பவர்களைக் கண்டித்து ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். கூலி கிடைக்காவிட்டால் நல்ல மென்பொருளை யார் எழுதுவார் என்பது அவர் கேள்வி. நியாயமான கேள்விதான். உழைப்புக்குக் கூலி வேண்டும் என்று சொல்வதைத் தொழிற்சங்கத்தில் இருந்த நான் குறை சொல்ல முடியாது.

மறுபுறம், அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் வேலை பார்த்த ரிச்சர்ட் ஸ்டால்மன், தங்கள் ஆய்வகத்துக்கு வந்த புதிய பிரிண்டரின் மூலநிரல் கிடைக்காததால் அதன் குறையைத் தாமே சரிசெய்ய முடியாமல் போனார். எங்கள் அட்டைக் கதை மாதிரிதான். 1983ல் அவர் குனு என்ற திட்டத்தை அறிவித்தார். மென்பொருளைப் பெறுகிறவர் அதைத் திருத்தவும் பகிரவும் உரிமை உண்டு, ஆனால் திருத்தியதை வெளியே கொடுத்தால் மூலநிரலையும் அதே உரிமையோடு கொடுக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு ஓர் உரிமத்தை 1989ல் வெளியிட்டார். 1991ல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸ் என்ற கருவைத் தொடங்கி, பின்னர் அதையும் இந்த உரிமத்தின் கீழ் கொண்டுவந்தார். இன்று உங்கள் சட்டைப் பையில் இருக்கும் ஆண்ட்ராய்டு கைப்பேசிக்குள் ஓடுவது அந்த லினக்ஸ் கருதான். கூட்டத்தில் சிரித்த பெரியவரும் லினக்ஸ்காரர்தான், அவருக்குத் தெரியாது அவ்வளவே.

அப்படியானால் கேட்ஸின் கேள்விக்கு என்ன பதில்? இன்று லினக்ஸை எழுதுபவர்களில் பெரும்பாலோர் அதற்காகச் சம்பளம் வாங்குபவர்கள். பெரும் கம்பெனிகள் தங்களுக்குத் தேவையான மென்பொருளைச் சேர்ந்து எழுதிப் பொதுவில் வைத்துக்கொள்கின்றன. லினக்ஸுக்குப் பராமரிப்பும் உதவியும் கொடுத்தே வளர்ந்த ரெட் ஹாட் நிறுவனத்தை, 2019ல் ஐ.பி.எம். சுமார் 3,400 கோடி டாலர் கொடுத்து வாங்கியது. 1969ல் மென்பொருளுக்குத் தனி விலை வைக்கத் தொடங்கிய அதே ஐ.பி.எம்.தான். சும்மா கொடுக்கிறவன் எதற்குக் கொடுக்கிறான் என்ற பெரியவரின் கேள்விக்கும் இதுவே பதில். ஊர்க்கூட்டிக் குளம் வெட்டுவது தருமத்துக்காக மட்டும் அன்று, ஒவ்வொருவர் வயலுக்கும் தண்ணீர் வேண்டும் என்பதற்காகவும்தான்.

இனி நம் தமிழுக்கு வருகிறேன். இந்த விஷயத்தில் அடி வாங்கிப் பாடம் கற்றவர்கள் தமிழர்கள்.

1980களிலும் 1990களிலும் கணினியில் தமிழ் அச்சிட வந்த மென்பொருள்கள் ஒவ்வொன்றும் எழுத்துகளுக்குத் தன் விருப்பப்படி எண் கொடுத்தன. ஒரு கம்பெனியின் எழுத்துருவில் "அ" இருக்கும் இடத்தில் இன்னொன்றில் "று" இருக்கும். ஒருவர் தட்டச்சு செய்ததை, அதே எழுத்துரு இல்லாத இன்னொருவர் திறந்தால் வெறும் கிறுக்கல். எழுத்து நம் முன்னோருடையது, எழுதியது நாம், ஆனால் அதைத் திறக்கும் சாவி கம்பெனியிடம்!

இதை மாற்றப் பாடுபட்டவர்களில் தமிழ்நாட்டுக்கு வெளியே வாழ்ந்த நம்மைப் போன்ற புலம்பெயர்ந்தவர்கள் முன்வரிசையில் நின்றார்கள். சுவிட்சர்லாந்தில் வேதியியல் ஆராய்ச்சி செய்துவந்த முனைவர் கு. கல்யாணசுந்தரம் மயிலை என்ற எழுத்துருவை உருவாக்கி எல்லோருக்கும் இலவசமாகக் கொடுத்தார். மலேசியாவின் முத்து நெடுமாறன் முரசு அஞ்சல் மூலம் மின்னஞ்சலில் தமிழைப் பரவச் செய்தார். 1998 பொங்கலன்று கல்யாணசுந்தரமும் உலகெங்கும் உள்ள தன்னார்வத் தமிழர்களும் மதுரைத் திட்டத்தைத் தொடங்கி, பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து எவரும் எடுத்துக்கொள்ளும்படி வைத்தார்கள். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டையொட்டித் தமிழ்நாடு அரசு பொதுவான விசைப்பலகையையும் எழுத்துக் குறியீடுகளையும் தரப்படுத்த முயன்றது. பிறகு உலக மொழிகளுக்கெல்லாம் பொதுவான யூனிகோட் வேரூன்றியது. 2010ல் கோவைச் செம்மொழி மாநாட்டை ஒட்டித் தமிழ்நாடு அரசும் அதை ஏற்றது. இன்று உங்கள் பேத்தி கைப்பேசியில் "தாத்தா சாப்பிட்டீங்களா" என்று அனுப்புவதை எந்த நாட்டில் எந்தக் கருவியில் திறந்தாலும் தமிழாகவே தெரிகிறதே, அது இந்தப் பொதுமையின் பலன்.

இதன் அருமை எனக்கு ஒரு சொந்த அனுபவத்தால் விளங்கியது. 2004 டிசம்பர் 26 சுனாமிக்கு அடுத்த ஆண்டு நம் சங்கம் வெளியிட்ட மலரில், தீவுகளில் உயிரிழந்த நம் மக்களைப் பற்றி உறவினர்கள் எழுதிய குறிப்புகள் இருந்தன. அச்சுப் பிரதிகள் பலவற்றைக் கரையான் தின்றுவிட்டது. நல்லவேளையாக மலரின் கோப்புகள் ஒரு குறுந்தகட்டில் இருந்தன. பேரனை வைத்துக்கொண்டு திறந்து பார்த்தேன். ஒரு வரி புரியவில்லை. அன்று பயன்படுத்திய மென்பொருள் இன்றில்லை. தம்பியை இழந்த ஓர் அக்காள் எழுதிய பக்கம் கண் முன்னே இருக்கிறது, அதைப் படிக்க முடியவில்லை. யாரோ இறந்தவரைப் பற்றி எழுதிய குறிப்பு, அதுவும் இறந்துபோனது போல இருந்தது.

பிறகு எங்கள் கல்லூரித் தம்பிதான் உதவினார். தன்னார்வத் தமிழர்கள் எழுதி இணையத்தில் எல்லோருக்கும் பொதுவாக வைத்திருக்கும் எழுத்துரு மாற்றி ஒன்றில் கோப்புகளைப் போட்டுப் பார்த்தார். அந்தப் பழைய எழுத்துருவின் எண் வரிசையை எவரோ ஒருவர் பொறுமையாகக் கண்டுபிடித்துப் பட்டியலிட்டு வைத்திருந்தார். பெரும்பகுதி மீண்டது. சில பக்கங்கள் மீளவில்லை. அக்காள் எழுதிய பக்கம் மீண்டது. முகம் தெரியாத அந்த நண்பர் தாம் கண்டுபிடித்ததைப் பூட்டி வைத்துக்கொண்டிருந்தால் அந்தப் பக்கம் நமக்கு இல்லை.

அரசாங்கங்களின் அனுபவத்தையும் பார்ப்போம். 2003 மே மாதம் புணேயில், அப்போதைய குடியரசுத் தலைவர், நம் இராமேசுவரத்து அப்துல் கலாம், இந்தியா போன்ற நாட்டுக்குத் திறந்த மூல மென்பொருளே ஏற்றது என்று வெளிப்படையாகவே பேசினார். கேரள அரசு தன் பள்ளிக் கணினிக் கல்வியைப் படிப்படியாகக் கட்டற்ற மென்பொருளுக்கு மாற்றியது. 2019ல் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பள்ளிக் கணினிகளுக்கு லினக்ஸ் பதிப்பைக் கொடுத்தபோது, இதனால் மூவாயிரம் கோடி ரூபாய் மிச்சம் என்று செய்தி வந்தது. பழைய புத்தி, வகுத்துப் பார்த்தேன். கணினி ஒன்றுக்கு ஒன்றரை லட்சம் வருகிறது! எல்லா மென்பொருளையும் கடை விலைக்கு வாங்கினால் வரும் கணக்கு அது. மொத்தமாகக் கேட்டால் எந்தக் கம்பெனியும் அந்த விலைக்கு விற்காது. பத்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொண்டாலும் முந்நூறு கோடி. அதைவிடப் பெரிய வரவு, ஆசிரியர்களே மென்பொருளைத் தங்கள் பாடத்துக்கும் மலையாளத்துக்கும் ஏற்றபடி அமைத்துக்கொள்ளப் பழகியது.

தமிழ்நாட்டில் 2011ல் தொடங்கிய மாணவர் மடிக்கணினித் திட்டத்தில், விண்டோஸோடு சென்னை சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்த்துக் கொடுக்கப்பட்டது. என் உறவுக்காரப் பிள்ளைகள் இருவருக்குக் கிடைத்தது. இருவருமே லினக்ஸ் பக்கம் போனதில்லை, அப்படி ஒன்று உள்ளே இருப்பதை அவர்களிடம் சொன்னதே நான்தான். டிராயிங்கைக் கொடுத்துவிட்டு அதைப் படிக்கச் சொல்லித் தராவிட்டால் அது வெறும் காகிதம். மத்திய அரசும் 2015ல் அரசுத் துறைகள் திறந்த மூலத்துக்கு முன்னுரிமை தர வேண்டும் என்று கொள்கை வகுத்தது. கொள்கை வகுப்பதற்கும் குமாஸ்தா மேசையில் அது நடைமுறைக்கு வருவதற்கும் உள்ள தூரம் அரசுப் பணியில் இருந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

எதிர்த்தரப்பு வாதத்தையும் மறைக்கக் கூடாது. ஜெர்மனியின் மியூனிக் நகராட்சி 2003ல் லினக்ஸுக்கு மாற முடிவெடுத்து, சுமார் பதினைந்தாயிரம் கணினிகளை மாற்றியது. ஊழியர்களின் குறைபாடுகளும் அரசியலும் சேர்ந்து, 2017ல் விண்டோஸுக்கே திரும்ப நகர மன்றம் வாக்களித்தது. மூலநிரலை எல்லோரும் பார்க்கலாம் என்பதால் பிழைகள் உடனே அகப்பட்டுவிடும் என்பதும் முழு உண்மை அன்று. இணையப் பாதுகாப்புக்கு அடிப்படையான ஓப்பன் எஸ்.எஸ்.எல். மென்பொருளில் ஒரு பெரிய ஓட்டை இரண்டு ஆண்டுகள் எவர் கண்ணிலும் படாமல் இருந்து 2014ல்தான் வெளிப்பட்டது. உலகமே நம்பியிருந்த அதைப் பராமரித்தவர்களோ ஒரு கைவிரல்களில் அடங்குவர். பொதுக் கிணற்றில் எல்லோரும் இறைத்தோம், தூர்வார ஒருவரும் வரவில்லை.

ஆனாலும் டிராயிங் பிறர் கையில் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு 2025 ஜூலையில் ஓர் உதாரணம் கிடைத்தது. ஐரோப்பிய ஒன்றியம் ரஷ்யத் தொடர்பு காரணமாகத் தடை விதித்ததையொட்டி, குஜராத்தில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை நடத்தும் நயாரா எனர்ஜி நிறுவனத்துக்கு மைக்ரோசாஃப்ட் தன் சேவைகளை நிறுத்தியது. பணம் கட்டிய வாடிக்கையாளர், இந்தியச் சட்டப்படி இயங்கும் நிறுவனம், ஆனால் ஊழியர்களின் மின்னஞ்சல் முடங்கிப்போயிற்று. டெல்லி உயர் நீதிமன்றம் வரை போன பிறகு சேவை திரும்பியது. அந்த ஆண்டில் மத்திய அரசு ஊழியர்களின் மின்னஞ்சல்கள் நம் ஸோஹோ நிறுவனத்தின் தளத்துக்கு மாற்றப்பட்டதாகச் செய்தி வந்தபோது, தென்காசிப் பக்கத்திலிருந்து இப்படி ஒரு நிறுவனமா என்று எனக்கும் நெஞ்சு நிமிர்ந்தது. ஆயினும் ஒன்றை மறந்துவிடக் கூடாது. ஸோஹோவின் மென்பொருளும் தனியுரிமம்தான். நம் ஊர்க்காரர் கட்டிய வாடகை வீடும் வாடகை வீடே. நல்ல வீட்டுக்காரர் அமைவது வேறு, சொந்த வீடு வேறு.

தீவில் இருக்கும் நமக்கு இது இன்னும் முக்கியம். சென்னையிலிருந்து கடலுக்கடியில் 2,300 கிலோமீட்டருக்கு இழுத்த கேபிள் 2020 ஆகஸ்டில் இயங்கத் தொடங்கும் வரை, செயற்கைக்கோளை நம்பித்தான் நம் இணையம் இருந்தது. ஒரு திருத்தக் கோப்பை இறக்குவதற்கு இரவெல்லாம் விழித்திருந்த கதைகளை இங்கே பழைய ஆட்கள் சொல்வார்கள். கேபிள் வந்த பிறகும் கப்பல் மூன்று நாள் தள்ளித்தான் இருக்கிறது. பழுது பார்ப்பவர் மெயின்லாண்டிலிருந்து வரவேண்டும் என்றால், வரும்வரை கடையைச் சாத்த வேண்டியதுதான். கையில் இருப்பதை வைத்து ஓட்டிக்கொள்வது தீவுக்காரருக்குக் கை வந்த கலை. கணினியில் மட்டும் அதை ஏன் விட்டுக்கொடுக்க வேண்டும்?

இப்போது கமிட்டிக்கு என் யோசனை.

முதலாவது, ஆறு கணினிகளில் ஐந்தில் லினக்ஸும் லிப்ரே ஆபீஸும் ஏற்றுவோம். பழைய பெட்டிகளுக்கென்றே எடை குறைந்த பதிப்புகள் இருக்கின்றன. ஆறாவதாக அலுவலகத்துக்கு மட்டும் ஒரு புதிய கணினியை முறையான உரிமத்தோடு வாங்குவோம். நம் ஆடிட்டர் கேட்கும் கணக்கு மென்பொருள் அதில்தான் ஓடும், அவரோடு மல்லுக்கு நிற்பதில் பயனில்லை. பிள்ளைகளுக்கு வெளியே விண்டோஸில்தானே வேலை என்று கேட்பவர்களுக்கும் அந்த ஒன்று போதும். அம்பாசிடரில் ஓட்டப் பழகியவர் மாருதியை ஓட்டவில்லையா?

இரண்டாவது, சங்கத்தின் உறுப்பினர் பதிவேடு, வரவு செலவு, மலர், எல்லாம் யூனிகோட் தமிழிலும் எந்த மென்பொருளிலும் திறக்கும் பொது வடிவத்திலும் ஒரு நகலாவது இருக்க வேண்டும். இதைத் தீர்மானமாகவே எழுதிவிடுவோம். எந்த மென்பொருளை வாங்கினாலும், "நாளை நாங்கள் விலகினால் எங்கள் விவரங்களை எந்த வடிவத்தில் திருப்பித் தருவீர்கள்?" என்று கேட்டு எழுத்தில் வாங்குவோம்.

மூன்றாவது, மிச்சமாகும் பணத்தைப் பெட்டியில் பூட்ட வேண்டாம். அதில் ஒரு பகுதியைக் கொண்டு நம் இளைஞர்கள் இருவரை இதில் பயிற்றுவிப்போம். மியூனிக் சொல்லும் பாடம் அதுதான், ஆள் இல்லாமல் டிராயிங் மட்டும் உதவாது. இன்னொரு சிறு பகுதியை, நாம் பயன்படுத்தும் மென்பொருளை எழுதுகிறவர்களுக்கு ஆண்டுதோறும் நன்கொடையாக அனுப்புவோம். பொதுக் கிணற்றில் இறைப்பவர் தூர்வாரவும் வர வேண்டும்.

நான்காவது, பென் டிரைவில் கொண்டுவந்து ஏற்றும் திருட்டு நகல் நம் சங்கக் கட்டிடத்துக்குள் நுழையக் கூடாது. மாலை வகுப்பின் முதல் அரைமணியில் பிள்ளைகளுக்கு நீதிக் கதை சொல்கிறோம். அடுத்த அரைமணியில் அவர்கள் திருட்டு மென்பொருளின் முன் உட்கார்ந்தால், எதைக் கற்றுக்கொள்வார்கள்? வாங்கினால் காசு கொடுத்து வாங்குவோம், இல்லையேல் பொதுவில் தந்திருப்பதை நன்றியோடு எடுத்துக்கொள்வோம். மூன்றாவது வழி நமக்கு வேண்டாம்.

இந்த யோசனையால் முதல் மூன்று மாதம் தொல்லை இருக்கும். பிரிண்டர் ஒத்துழைக்காது, அந்தப் பட்டன் எங்கே, இந்தப் பட்டன் எங்கே என்று பெரியவர்கள் சலித்துக்கொள்வார்கள். அந்தச் சலிப்புக்கு நான் தினமும் மாலை ஐந்து முதல் ஏழு வரை வகுப்பறையில் உட்கார்ந்திருக்கத் தயார். வேறு உத்தியோகமும் எனக்கு இல்லை.

மீட்டெடுத்த சுனாமி மலரை என் பேத்தி லிப்ரே ஆபீஸில் மறுபடியும் தட்டச்சு செய்துகொண்டிருக்கிறாள். மீளாத பக்கங்களுக்கு அச்சுப் பிரதி யாரிடமாவது இருக்குமானால், அன்புகூர்ந்து சங்க அலுவலகத்தில் கொடுத்து உதவுங்கள். நகல் எடுத்துக்கொண்டு பத்திரமாகத் திருப்பித் தருவேன். இன்னும் இருபது ஆண்டு கழித்து, நான் இல்லாத காலத்தில், நம் பிள்ளைகள் எவரேனும் அந்தப் பக்கங்களைத் திறந்தால், எந்தக் கம்பெனியின் அனுமதியும் கேட்காமல் அவை தமிழாகவே திறக்க வேண்டும். அதற்கு வேண்டியதை இந்தக் கமிட்டிக் கூட்டத்திலேயே செய்வோம்.



— ஓய்வு பெற்ற ரயில்வே பொறியாளர், டெய்ரி ஃபார்ம்